முதல் தடவையாகக் குடிமீட்புக் கூட்டத்துக்குப் போகப்போகிறேன்: எங்கே தேடுவது, உள்ளே என்ன நடக்கும்?

விடியல்தேடி:

வணக்கம். இவ்வளவு நாள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். சாயங்காலமானால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. லீவு நாளில் மத்தியானத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறேன். நானாக நிறுத்திப் பார்த்ததெல்லாம் சில வாரம் தாங்கும், அப்புறம் ஒரு விசேஷம், ஒரு சண்டை, சில சமயம் காரணமே இல்லாமல் ஒரு சனிக்கிழமை, திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்பேன். ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், குடியை விட்டவர்கள் கூடும் குழுவுக்கும் போங்கள் என்றார். போவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் எதுவுமே தெரியவில்லை. இடமும் நேரமும் எங்கே பார்ப்பது? பெயர், விலாசம் எழுதி வாங்குவார்களா? பணம் கட்ட வேண்டுமா? எழுந்து நின்று எல்லார் முன்னாலும் "நான் குடிகாரன்" என்று சொல்லியே ஆக வேண்டுமா? தெரிந்த முகம் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வது, எனக்கு இதுதான் பெரிய பயம். கடவுளைப் பற்றி நிறையப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டேன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நானும் கூட வரட்டுமா என்று மனைவி கேட்கிறாள், வரலாமா?

இன்னொன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. குடித்த வாடையோடு அங்கே போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு நாள் முன்பிருந்தே சுத்தமாக நிறுத்திவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?


இரவுப்பணி:

மற்ற கேள்விகளுக்கு அனுபவப்பட்டவர்கள் பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே எழுதுகிறேன்: சரியில்லை, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நான் குடிநோய் சிகிச்சை வார்டில் நர்ஸ். காலையில் கை நடுங்குகிறது என்றால் உங்கள் மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிவிட்டன, திடீரென்று நிறுத்தினால் அவை தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கும் மேலே, 48 முதல் 96 மணி நேரத்துக்குள், சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். நீங்கள் போட்டிருக்கும் இரண்டு நாள் கணக்கைப் பாருங்கள். மீட்டிங்கில் போய் உட்காரும் நேரம் சரியாக அந்தக் கட்டத்தில் வருகிறது.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதே டாக்டரிடம் திரும்பப் போய், ஒரு நாளைக்கு எவ்வளவு, முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு, கை நடுக்கம் எப்போதிலிருந்து என்று எதையும் குறைக்காமல் சொல்லுங்கள். பென்சோடயசெபைன் வகை மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், ஈரல் நிலைக்குத் தகுந்த மாத்திரையை அவரே தேர்ந்தெடுப்பார். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின் தருவார்கள். வெறும் வைட்டமின்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள், அது ரொம்பக் குறைந்துபோனால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபக சக்தி நிரந்தரமாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு குடிக்கத் தோன்றும் வேகத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. குடித்தால் உடம்பு கடுமையாக எதிர்க்கிற டைசல்ஃபிராம் மாத்திரையும் உண்டு, ஆனால் அது குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்து, அவர் மேலே குடித்து, அவசர சிகிச்சைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படி யோசனை சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்காக மீட்டிங்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம்.


மறுகரை:

சிஸ்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. வாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாங்கள் ஏஏ என்போம், அதில் உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறார்கள், குடியை நிறுத்த வேண்டும் என்கிற விருப்பம். ஏற்கனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு வந்தவரை அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள் என்பார்கள், அவ்வளவுதான். வண்டி மட்டும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஏஏ சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் ஏஏ இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களின் பட்டியல் இருக்கும். மீட்டிங் கைடு என்று அவர்களுடைய இலவசச் செயலியும் இருக்கிறது, அதில் எல்லா நாடும் வராது, ஆனால் பார்ப்பதில் தவறில்லை. பட்டியலைப் பார்த்த கையோடு கிளம்பிவிடாமல் அதிலுள்ள நம்பருக்கு ஒரு தடவை பேசிவிடுங்கள். குழுக்கள் அடிக்கடி இடம் மாறும், நேரம் மாறும், பட்டியலைத் திருத்துவதற்குச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. முதல் தடவை கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அப்படியே கடைக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போனை எடுப்பவரும் பெரும்பாலும் குடியை விட்டவராகத்தான் இருப்பார். பேசக் கூச்சமாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏஏ ஆரம்பித்ததே ஒரு போனில்தான். 1935இல் பில் வில்சன் என்கிற பங்குத் தரகர் வியாபார வேலையாக அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்குப் போயிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதம்தான் ஆகியிருந்தது, வந்த வேலையும் கைகூடவில்லை, தங்கியிருந்த ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார் இருந்தது. இன்னொரு குடிகாரரிடம் பேசினால் தப்பித்துவிடலாம் என்று தோன்றி, அங்கிருந்தே தெரியாத நம்பர்களுக்கெல்லாம் போன் செய்து பார்த்தார். அந்தத் தேடலில் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்கிற அறுவைசிகிச்சை டாக்டர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. அதனால் நீங்கள் போன் செய்தால் எடுப்பவருக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள், உங்களிடம் பேசுவது அவருடைய நிதானத்துக்கும் மருந்து. தனியாக வரத் தயக்கமாக இருக்கிறது என்று சொன்னால் வாசலில் யாராவது காத்திருக்க ஏற்பாடு செய்வார்கள்.

பட்டியலில் ஓப்பன், க்ளோஸ்டு என்று போட்டிருக்கும். ஓப்பன் கூட்டத்துக்கு மனைவி, நண்பர், படிக்கும் மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். தெரிந்த முகம் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்பதால் க்ளோஸ்டில் ஆரம்பிப்பது உங்களுக்கு நல்லது, அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரும் இதே நோய்க்காகத்தான் வந்திருப்பார், உங்களைப் பார்த்ததை வெளியே சொன்னால் அவரும் வெளியே தெரிவார். கொஞ்சம் தள்ளியுள்ள பகுதியில் நடக்கும் குழுவுக்குப் போனாலும் தப்பில்லை. வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாது என்றால் ஆன்லைன் கூட்டங்கள் நாள் முழுக்க ஏதாவது ஒரு நேரத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. கேமராவை அணைத்து, பெயருக்கு ஓர் எழுத்து மட்டும் போட்டுக்கொண்டு உட்காரலாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அறையோ, சர்ச்சின் ஹாலோ, ஆஸ்பத்திரியில் ஒரு அறையோ இருக்கும். வாடகைக்கு எடுத்த இடம், அந்த நிறுவனத்துக்கும் ஏஏவுக்கும் தொடர்பு கிடையாது. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழிமுறை, பன்னிரண்டு படிகள் என்போம், அதை எழுதிய துணி சுவரில் தொங்கும். வாசலில் ஒருவர் கைகொடுத்து முதல் பெயரை மட்டும் கேட்பார், வேறு பெயர் சொன்னாலும் சரிபார்க்க யாரும் இல்லை. ரெஜிஸ்டர் கிடையாது. தலைமை தாங்குபவர் தொடக்க உரையை வாசித்துவிட்டு, இன்று முதல் தடவை வந்தவர்கள் யாராவது உண்டா என்பார். கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள், குடிக்கும்போது எப்படி இருந்தேன், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறேன் என்று. பேசுகிறவரை இடைமறிப்பதோ, முடித்ததும் அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். குடிகாரன் என்ற சொல்லை நீங்கள் சொல்லத் தயாரில்லை என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. நடுவில் ஒரு பையோ தொப்பியோ சுற்றி வரும், வாடகைக்கும் புத்தகத்துக்கும் உறுப்பினர்கள் போடுவது, நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுங்கள். கட்டணம் கிடையாது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முடிந்தவுடன் வெளியே ஓடிவிடாதீர்கள், இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். நாற்காலியை மடித்து வைத்துக்கொண்டே நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், என்னைப் பொறுத்தவரை வைத்தியத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. இரண்டு பேரிடமாவது போன் நம்பர் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். குடிக்கத் தோன்றும்போது அழைப்பதற்கு.


ஏன்எதற்கு:

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன், நானும் நம்பிக்கை இல்லாதவன்தான். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, கூட்டம் பெரும்பாலும் ஒரு சின்னப் பிரார்த்தனையோடு முடிகிறது, இதையெல்லாம் மறைத்துச் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அவரவர் புரிந்துகொண்டபடி என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதுவும் கொஞ்ச நாள் ஒட்டவில்லை. பிரார்த்தனையின்போது சும்மா நின்றேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்றே நடக்கும் ஏஏ கூட்டங்களும் இருக்கின்றன, பட்டியலில் செக்யூலர் என்று போட்டிருக்கும்.

இதற்கு வெளியேயும் வழி உண்டு. ஸ்மார்ட் ரெகவரி என்று 1994இல் தொடங்கிய அமைப்பு, முழுக்க மனநல சிகிச்சை முறைகளை வைத்து நடப்பது. படிகளும் இல்லை, ஸ்பான்சர் என்று ஏஏவில் புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரும் இல்லை, வாழ்நாள் முழுக்க வந்தாக வேண்டும் என்றும் இல்லை. பயிற்சி எடுத்த ஒருவர் நடத்துவார், ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதில் சொல்லலாம். குடிப்பதால் எனக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது, விட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். முதல் கட்டத்தில், அதாவது குடியால் எனக்குக் கிடைப்பது என்ன என்ற இடத்தில், உண்மையை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போனால் யாரிடமும் பேச வேண்டாம் என்பதற்காகவே குடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்யாமல் பாட்டிலை மட்டும் விட்டு என்ன பயன்? அவர்களுக்கும் ஆன்லைன் கூட்டங்கள் நிறைய இருக்கின்றன.

ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஏஏவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000க்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற ஒரு அளவுகோலில், ஆட்களை ஏஏவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையான சிகிச்சைகள் மற்ற மனநல சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன, மற்ற அளவுகோல்களில் ஏறக்குறைய சமம். நானே இப்போது இரண்டுக்கும் போகிறேன். எது பக்கத்தில் இருக்கிறதோ, எங்கே திரும்பப் போகத் தோன்றுகிறதோ அங்கே போங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில குழுக்களில் பழைய ஆட்கள் யாராவது, மாத்திரை சாப்பிட்டால் அது நிதானமே இல்லை என்று பேசலாம். ஏஏவின் சொந்த வெளியீடே உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று சொல்கிறது. அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.


தனிமரம்:

கேட்டவர் ஆண், ஆனால் இதைப் படிக்கும் பெண்களும் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். குடிக்கிற பெண் என்றால் வெளியே எப்படிப் பேசுவார்கள் என்று தெரியும், அதனாலேயே ரொம்ப நாள் போகாமல் இருந்தேன். பெண்கள் மட்டும் கூடும் ஏஏ கூட்டங்கள் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய விமன் ஃபார் சொபரைட்டி என்று பெண்களுக்காகவே தனி அமைப்பும் இருக்கிறது, ஆன்லைனில் சேரலாம்.

கலப்புக் கூட்டம்தான் கிடைக்கிறது என்றால், போங்கள், ஆனால் நம்பர் பெண்களிடம் வாங்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே அக்கறையாக வீடு வரை விடுகிறேன் என்று சொல்லும் ஆணிடம் வேண்டாம் என்று சொல்ல நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனசு பலவீனமாக இருக்கும் நேரம் அது, அதைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அப்படி நடந்தால் குழுவில் மூத்த பெண் ஒருவரிடம் சொல்லுங்கள், சரிப்படவில்லை என்றால் வேறு குழு. அதற்காக மீட்டிங்கே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.


இன்னொருபாதி:

உங்கள் மனைவி இதைப் படிப்பாரா தெரியவில்லை, படித்தால் நல்லது. ஓப்பன் கூட்டத்துக்கு அவர் கூட வரலாம், ஒரு தடவை வந்து கேட்டால் இது என்ன மாதிரி நோய் என்று அவருக்கும் புரியும். ஆனால் அவருக்கென்று தனி இடம் வேண்டும். அல்-அனான் என்று குடிப்பவர்களின் குடும்பத்துக்கான அமைப்பு இருக்கிறது, பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951இல் ஆரம்பித்தது. கணவர்கள் மீட்டிங்கில் இருக்கும்போது வெளியே காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்ததுதான் அதன் வேர். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு.

நான் பாட்டில் லேபிளில் பேனாவால் கோடு போட்டு வைப்பேன், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க. என் கணவர் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி அந்தக் கோடு வரை நிரப்பி வைப்பார். இரண்டு பேருக்கும் அதுவே வேலை. அவர் ஏஏவுக்குப் போக ஆரம்பித்த பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை, வாசலில் காத்திருந்து, யார் யார் பேசினார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று குடைவேன். அல்-அனானில் கேட்ட மூன்று விஷயம்தான் என்னைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்தது: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. இப்போது அவர் அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்பதில்லை, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். கணவர் இன்னும் குடியை விடாத வீடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வருகிறார்கள். கணவர் நிறுத்தினால்தான் போகலாம் என்றில்லை.


விடியல்தேடி:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், டாக்டரிடம் முழுசாகச் சொன்னேன், நல்லவேளை கேட்டீர்கள் என்று சொல்லி வார்டில் சில நாள் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது கை நடுக்கம் இல்லை. வந்ததும் பட்டியலில் இருந்த நம்பருக்குப் பேசினேன், எடுத்தவர் ஒன்றுமே விசாரிக்காமல் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், வாசலில் நிற்கிறேன் என்றார், நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் கூட்டம் பிடிக்கவில்லை. ஒரு பெரியவர் பாதி நேரத்துக்கு மேல் தானே பேசினார், எனக்கு அவர் கதைக்கும் என் கதைக்கும் ஒட்டவே இல்லை. அவர் வேலை போய், குடும்பம் போய்த் தெருவுக்கு வந்தவர், நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஸ்பான்சர் வேண்டும் என்றார்கள், தினமும் வா, தொண்ணூறு நாளில் தொண்ணூறு மீட்டிங் போடு என்றார்கள். இதெல்லாம் கட்டாயமா? ஒருவேளை நடுவில் குடித்துவிட்டால் திரும்ப உள்ளே விடுவார்களா?


மறுகரை:

பிடிக்கவில்லை என்று இங்கே வந்து சொன்னீர்களே, சந்தோஷம் தம்பி. நிறையப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. ஒருவரே பேசும் கூட்டம் உண்டு, படிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் கூட்டம் உண்டு, எல்லாரும் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சம் பேசும் கூட்டம் உண்டு. உங்களுக்குக் கடைசி வகை ஒத்துவரும் என்று நினைக்கிறேன், போனில் கேட்டால் எது எந்த நாள் என்று சொல்வார்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு குழுவில் ஒரு ஐந்தாறாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பெரியவர் இழந்ததை நீங்கள் இன்னும் இழக்கவில்லை, சரி. அவர் பேச்சில் வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதல் கிளாஸுக்கு முன்னால் அவர் மனசு என்ன சொல்லிற்று என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அங்கே பொருத்தம் இருக்கும்.

தொண்ணூறு நாள் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது, சட்டம் கிடையாது. ஆரம்பத்தில் சாயங்கால நேரத்தை நிரப்ப அது உதவும் என்பதால் சொல்கிறோம். உங்கள் கஷ்டமே சாயங்காலம் என்பதால் முடிந்த வரை அந்த நேரத்துக் கூட்டமாகப் பாருங்கள், நேரில் போக முடியாத நாளில் ஆன்லைன். ஸ்பான்சரும் கட்டாயமில்லை, ஆனால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஸ்பான்சர் டாக்டரும் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை, படிகளை ஏற்கனவே செய்து முடித்து, உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் ஒதுக்கும் ஒரு ஆள். ஆண் என்றால் ஆண் ஸ்பான்சர் என்பது பொதுவான வழக்கம். யார் பேச்சைக் கேட்டு, இவர் மாதிரி அமைதியாக இருந்தால் தேவலை என்று தோன்றுகிறதோ அவரிடம் கூட்டம் முடிந்ததும் போய், கொஞ்ச நாளைக்கு எனக்கு ஸ்பான்சராக இருப்பீர்களா என்று கேளுங்கள். கொஞ்ச நாளைக்கு என்று கேட்டால் அவருக்கும் சுலபம், ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ள உங்களுக்கும் சுலபம்.

குடித்துவிட்டால் உள்ளே விடுவார்களா என்று கேட்டீர்கள். விடுவார்கள், வெளியே அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. ஒன்று மட்டும், திரும்பவும் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி நீங்களாகப் பட்டென்று நிறுத்தாமல் சிஸ்டர் சொன்ன மாதிரி முதலில் டாக்டரிடம் போங்கள். அப்படி இல்லை, ஒரு ராத்திரிதான் என்றால், மறுநாள் வாசலில் நின்றாரே, அவருக்கு போன் செய்துவிட்டு அன்றைய கூட்டத்துக்கே வந்துவிடுங்கள்.